நட்டு மாற்றித் தரப்படும்

எங்க அத்தான் வீட்டு வாசல்ல ஒரு பலகை தொங்கும். "கிட்டார் பழுது பார்க்கப்படும். நட்டு மாற்றித் தரப்படும்." அந்த ரெண்டாவது வரியை எடுத்துடுங்கன்னு நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தானே. மாசத்துக்கு ரெண்டு பேராவது சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வந்து, "பின் சக்கரத்து நட்டு இருக்கா?"ன்னு நிப்பாங்க. ஒருத்தர் தண்ணி மோட்டாரையே தோள்ல தூக்கிட்டு வந்தார். அத்தான் எதுவும் பேச மாட்டார். மோட்டாரைப் புரட்டிப் பார்த்து, பழைய டப்பாவிலேர்ந்து சரியான நட்டு ஒண்ணைத் தேடி எடுத்து, முறுக்கி மாட்டி அனுப்பிடுவார். "இவருக்கே நட்டு கழண்டு ரொம்ப நாளாச்சு, இவர் அடுத்தவனுக்கு மாட்டுறார்"ம்பா எங்க அக்கா.

கிட்டார்ல நட்டுங்கிறது முறுக்குற சமாச்சாரம் இல்ல. கழுத்து முடிஞ்சு தலை ஆரம்பிக்கிற இடத்துல, குறுக்க உக்காந்திருக்கிற சின்னத் துண்டு. சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். எலும்புல செஞ்சா நல்லது, பிளாஸ்டிக்ல செஞ்சா சுமார். அது மேல ஆறு சின்னப் பள்ளம், காடின்னு பேரு, வெட்டியிருக்கும். ஆறு கம்பியும் அந்தக் காடி வழியாத்தான் இறங்கணும். தடிச்ச கம்பிக்கு அகலக் காடி, மெல்லிசு கம்பிக்கு ஒடுக்கக் காடி. வாசிக்க வாசிக்கக் காடி தேயும், கம்பி கீழ இறங்கும், அப்புறம் தொட்டாலே கிர்ருன்னு அதிரும். அப்ப அதைத் தட்டி எடுத்துட்டுப் புதுசு வைக்கணும்.

எனக்கு எப்படி இவ்வளவு தெரியும்னா, நானும் அரம் பிடிக்கிறவதான். ஒரு பல் டாக்டரோட கிளினிக்குக்குப் பின்னாடி, ஜன்னலைத் திறந்தா பக்கத்துக் கட்டடத்துச் சுவர் மூக்குல இடிக்கிற ரூம்ல, பல்செட் செய்றேன். அத்தானோட நட்டுக்கெல்லாம் மெருகு ஏத்துற வெள்ளைப் பவுடர் என் டப்பாவிலேர்ந்துதான் போகுது. ஒம்பது வருஷமா அவங்க வீட்டு மாடி ரூம்லதான் குடியிருக்கேன்.

அவர் ஒண்ணும் பாட்டுக்காரப் பரம்பரை இல்ல. இன்னிக்கு வரைக்கும் ஒரு பாட்டை முழுசா வாசிக்கத் தெரியாது. அச்சாபீஸ்ல இருபத்திரெண்டு வருஷம் மிஷின் ஃபிட்டரா இருந்தவர். மகளுக்கு ஒம்பது வயசுல ஒரு பழைய கிட்டாரை வாங்கிக் குடுத்தார், நைலான் கம்பி போட்டது. அது வந்த அன்னிக்கே அதிர ஆரம்பிச்சுது. கடைக்காரன் கையை விரிச்சுட்டான். இவரே நட்டைத் தட்டி எடுத்தார். கசாப்புக் கடையிலேர்ந்து எலும்பு வாங்கிட்டு வந்து, கொதிக்க வச்சு, காய வச்சு, அறுத்து, தேய்ச்சு... பதினோரு எலும்பைப் பாழ் பண்ணினார். வீடே நாறுச்சுன்னு அக்கா ரெண்டு நாள் என் வீட்டுல வந்து படுத்துக்கிட்டா. பன்னிரண்டாவது எலும்பு சரியா உக்காந்துச்சு. அதுக்கப்புறம் ஒண்ணு ஒண்ணா ஆளுங்க வர ஆரம்பிச்சு, அச்சாபீஸ் வேலையை விட்டுட்டு முன் ரூமையே பட்டறை ஆக்கிட்டார்.

அவர்கிட்ட ரெண்டு குணம் உண்டு, ரெண்டும் மனுஷனைப் பைத்தியமா அடிக்கும். ஒண்ணு, யாரையும் எதுவும் கேக்க மாட்டார். கிட்டாரை மேசையில வச்சதும் கண்ணாடியை நெத்தியிலேர்ந்து இறக்கி, நட்டை உத்துப் பார்ப்பார். "மூணாவது கம்பியை அடிக்கடி அறுப்பீங்க"ம்பார். "சுருதி ஏத்துறப்போ அவசரப்படுறீங்க"ம்பார். ஒருத்தர்கிட்ட, "உங்களுக்கு ரெண்டு பாட்டுதான் தெரியும்போல"ன்னுட்டார். அந்த ஆள் அப்புறம் இந்தத் தெருப்பக்கமே வரல. தேய்மானமே எல்லாத்தையும் சொல்லும்போது வாயைத் திறந்து எதுக்குக் கேக்கணும்னு அவர் கட்சி. அக்கா சொல்லுவா, "கேட்டா என்ன, முத்து உதிர்ந்துடுமா?" என் வேலையில கேக்காம நடக்காது. வாய்ல வச்சுக் கடிச்சுப் பாருங்க, உயரமா இருக்கா, எங்க குத்துதுன்னு பத்து தடவை கேட்டாத்தான் ஒரு பல்லு உருப்படியா உக்காரும். இதை அவர்கிட்ட சொன்னா, "பல்லு வேற, நட்டு வேற"ன்னு முடிச்சுடுவார்.

ரெண்டாவது குணம் ஒரு வாக்கியம். "நான் அப்பவே சொன்னேன்." பால் பொங்கினாலும் அதான், கூரை ஒழுகினாலும் அதான். என் கல்யாணம் முறிஞ்சு நான் பெட்டியோட வந்து நின்ன அன்னிக்கு, கதவைத் திறந்ததும் அவர் வாயிலேர்ந்து வந்த முதல் பேச்சும் அதேதான். பெட்டியை என் கையிலேர்ந்து வாங்கி மாடிக்குத் தூக்கிட்டுப் போனதும் அவர்தான், இல்லேங்கல. ஆனா அந்த வாக்கியத்தை நான் இன்னும் மறக்கல.

அவர் மகளை நாங்க வாலுன்னுதான் கூப்பிடுவோம். சின்ன வயசுல ஒரு இடத்துல உக்கார மாட்டா, கிட்டார் இருந்தா மட்டும் உக்காருவா. வளர்ந்து இருபத்தஞ்சு வயசுல, மர நாற்காலி மேசை செய்ற ஃபாக்டரி ஒண்ணுல வேலை கிடைச்சுது, ரெண்டு பஸ் மாறிப் போகணும். அத்தான் ஒரு நாள் போய் அந்த மரம் அறுக்கிற மிஷினைப் பார்த்துட்டு வந்தார். "அதுல காவல் தகடு இல்ல. அந்த மிஷின் விரலைத் தின்னும். போகாதே." அவ்வளவுதான் சொன்னார். அவ ஏன் போக ஆசைப்படுறான்னு கேக்கல. அவளும் சொல்லல. அப்பனுக்குத் தப்பாத பிள்ளை. பையைத் தூக்கிக்கிட்டு அந்த ஊர்லயே தங்கப் போயிட்டா. மூணு வருஷம் ரெண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது.

ஏழு மாசத்துக்கு முன்னாடி அந்த மிஷின் அவ இடது கையில ரெண்டு விரலை எடுத்துடுச்சு. சுண்டு விரலும் அதுக்குப் பக்கத்து விரலும், பாதிக்கு மேல.

"அப்பாகிட்ட மட்டும் சொல்லாதீங்க சித்தி"ன்னா ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டு. "அவர் என்ன சொல்வார்னு எனக்குத் தெரியும். கை போனதைக்கூடத் தாங்கிப்பேன். அதை அவர் வாயால கேக்க முடியாது." நான் சத்தியம் பண்ணிக் குடுத்தேன். அக்கா பத்து நாள் அவகூட இருந்தா. வீட்டுல என்ன சொல்லிட்டு வந்தான்னு கேளுங்க. தங்கச்சி ரூமுக்கு வெள்ளையடிக்கிறாங்க, உதவிக்குப் போறேன், ராத்திரி அங்கேயே தங்கிடுறேன்னு. என் ரூம் அவர் தலைக்கு மேல இருக்கு. மாடிப்படி ஏறிப் பார்த்தா விஷயம் வெளிய வந்துடும். பத்து நாள்ல அந்த மனுஷன் ஒரு வார்த்தை கேக்கல, ஒரு படி ஏறல.

கிட்டார் பிடிக்கிறவங்களுக்கு இடது கை விரல்தான் கழுத்துல கம்பியை அழுத்துறது. அது போச்சுன்னா எல்லாம் போச்சு. ஆனா வாலு விடல. கிட்டாரையே மறுபக்கமாத் திருப்பிக்கிட்டா. வலது கையால கழுத்தைப் பிடிக்கிறது, இடது கையில மிச்சமிருக்கிற கட்டைவிரலாலயும் ரெண்டு விரலாலயும் மீட்டுறது. அதுக்காகக் கம்பிகளை வரிசை மாத்திக் கட்டினா. இங்கதான் நட்டு வழியை மறிச்சுது. தடிச்ச கம்பி ஒடுக்கக் காடியில உக்காராம மேலேயே நிக்குது, அழுத்தினா விரல் நுனி கன்னிப் போகுது. மெல்லிசு கம்பி அகலக் காடியில கிடந்து ஆடுது, அதிருது. அவ ஊர்ல ரெண்டு கடையில காட்டியிருக்கா. வேற கிட்டார் வாங்கிக்கன்னு சொல்லிட்டாங்க.

பஸ் ஸ்டாண்டுல கிட்டாரை என் கையில குடுத்தப்போ அவ முகத்துல உயிரே இல்ல. "அஞ்சு மாசமா முட்டி மோதிப் பார்த்துட்டேன் சித்தி. நட்டு தேஞ்சு போச்சு, மாத்தணும்னு மட்டும் அப்பாகிட்ட சொல்லுங்க. இதுவும் சரிப்படலேன்னா வித்துடுறேன். இனிமே தொட மாட்டேன்." சும்மா மிரட்டுற குரல் இல்ல அது.

இந்த இடத்துல நான் ஒரு காரியம் பண்ணினேன். பஸ்ல உக்காந்து யோசிச்சேன். கம்பி வரிசை மாறியிருக்கிறதைப் பார்த்தா அவருக்குச் சந்தேகம் வருமே, நோண்டி நோண்டி விஷயத்தைக் கண்டுபிடிச்சுட்டா என் சத்தியம் என்னாகிறது? வீடு வந்து சேர்றதுக்கு முன்னாடி ஆறு கம்பியையும் கழட்டிச் சுருட்டிக் கைப்பையில போட்டுட்டேன். பெரிய புத்திசாலின்னு என்னை நானே மெச்சிக்கிட்டேன். அந்தக் கம்பி வரிசை ஒண்ணுதான் அவருக்கு எப்படி வெட்டணும்னு சொல்லியிருக்கும், அதை நானே என் கையால கழட்டிட்டேன்னு அப்ப உறைக்கவே இல்ல.

கிட்டாரை மேசையில வச்சதும் அத்தானுக்கு அடையாளம் தெரிஞ்சு போச்சு. தெரியாம இருக்குமா, அவர் முதல் முதலாப் பிரிச்சது. கையைத் துணியில துடைச்சுக்கிட்டார், ரெண்டு தடவை. "நட்டு மாத்தணுமாம்"னேன். "ம்"னார். கண்ணாடியை இறக்கினார். பழைய நட்டையே ரொம்ப நேரம் பார்த்தார்.

"எவனோ தலைகீழாக் கம்பி கட்டியிருக்கான்"னார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "எப்படிச் சொல்றீங்க?"

"அகலக் காடிக்கு அடியில மெல்லிசா ஒரு கோடு புதுசா விழுந்திருக்கு பாரு. மெல்லிசு கம்பி ஓடின தடம். எவனோ கத்துக்குட்டிக்கு இரவல் குடுத்திருக்கா. முன்ன பின்ன தெரியாதவன், வரிசையை மாத்திக் கட்டிக் கெடுத்து வச்சிருக்கான்." அவர் குரல்ல கோபம் இருந்துச்சு. "இதைப் போய் இரவல் குடுப்பாளா?"

தடத்தைச் சரியாப் படிச்சார். ஆளைத் தப்பாப் படிச்சார். ஏன், யார், எதுக்குன்னு என்னை ஒரு கேள்வி கேட்டிருந்தா எனக்குப் பொய் சொல்ல வராது. கேக்கல. நானும் பல்லைக் கடிச்சுக்கிட்டு மாடிக்குப் போயிட்டேன்.

மூணு நாள் செஞ்சார். அவ்வளவு நாள் எடுக்கிற வேலை இல்ல அது, அரை நாள் வேலை. ஓரத்துல கத்தியால கீறிவிட்டு, சின்ன மரக்கட்டை வச்சு ஒரே தட்டுல பழைய நட்டைக் கழட்டினார். பழைய பசையைச் சுரண்டினார். இருக்கிறதுலேயே வெளுப்பான எலும்பை எடுத்து, கண்ணாடிப் பலகை மேல உப்புத்தாளை ஒட்டி, அதுல தேய்ச்சுக்கிட்டே இருந்தார். அடி ரூம்லேர்ந்து சர்ரக் சர்ரக்னு எனக்கு மாடி வரைக்கும் கேக்கும். அக்கா டீயைக் கொண்டுபோய் வைப்பா, ஆறிப்போனதைத் திருப்பி எடுத்துட்டு வருவா. "பேய் பிடிச்ச மாதிரி தேய்க்கிறார்டி"ன்னா என்கிட்ட. "சொல்லிடலாமா?" "சத்தியம் பண்ணியிருக்கேன்"னேன். அப்பவும் என் மண்டையில ஏறல. நட்டுன்னா நட்டு, செஞ்சு குடுத்தா அவ கம்பியை எப்படி வேணா கட்டிப்பாங்கிற நினைப்புலயே இருந்தேன். தினமும் அரம் பிடிக்கிற கைக்கு இது தெரிய வேணாமா? அதை நினைச்சா இப்பவும் எனக்கு என் மேலேயே எரிச்சலா வரும்.

மூணாவது நாள் மத்தியானம் கீழ இறங்கிப் போனேன். காடி வெட்டிக்கிட்டிருந்தார். கம்பிக்குக் கம்பி வேற அரம். ரெண்டு இழுப்பு இழுப்பார், கம்பியைப் போட்டு அழுத்திப் பார்ப்பார், குனிஞ்சு வெளிச்சத்துல இடைவெளியைப் பார்ப்பார், மறுபடி ஒரு இழுப்பு. ஒரு இழுப்பு கூடிப்போனா அந்த எலும்பே வீண். இடது ஓரத்துல அகலக் காடி, வலது பக்கம் போகப் போக ஒடுக்கம். பழைய வரிசையிலேயே. ஆறாவது காடி முடியப் போற நேரம். அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது.

அவர் ஆறு கம்பியையும் ஏத்தினார். சுருதி சேர்த்து ஒரு தடவை மேலேர்ந்து கீழ வரைக்கும் மீட்டினார். அதிர்வுன்னு ஒரு பொட்டு இல்ல. பல்செட் செய்றவ கண்ணால பார்த்துச் சொல்றேன், அது மாதிரி ஒரு வேலையை நான் பார்த்ததில்ல. "இனிமே எவன் கைக்கும் குடுக்க வேணாம்னு சொல்லு அவகிட்ட"ன்னார். சொல்லிட்டுப் பசை டப்பாவைத் தேடினார்.

இதை அப்படியே கொண்டுபோய்க் குடுத்தா என்ன ஆகும்? அவ திருப்பிப் பிடிப்பா. பிடிச்சதும் தெரிஞ்சுடும். அப்பா பழைய வாலுக்குத்தான் செஞ்சு குடுத்திருக்கார், இந்தக் கைக்கு இல்லன்னு நினைச்சுப்பா. அன்னிக்கே வித்துடுவா. சத்தியத்தைக் காப்பாத்தின பெருமையை நான் வச்சு என்ன பண்றது?

"அத்தான், ஒட்டாதீங்க"ன்னேன். "அந்தக் கம்பியைக் கழட்டினது நான்தான். யாரும் இரவல் வாங்கல. அவளேதான் அப்படிக் கட்டியிருந்தா."

பசை டப்பாவைக் கையிலேயே வச்சுக்கிட்டு என்னைப் பார்த்தார். அப்புறம் கிட்டாரைப் பார்த்தார். டப்பாவைக் கீழ வச்சுட்டு, கிட்டாரை மடியில எடுத்து மெதுவா மறுபக்கமாத் திருப்பினார். வலது கையால கழுத்தைப் பிடிச்சார். இடது கையைக் கம்பி மேல கொண்டு வந்தார். அந்தக் கை அங்கேயே நின்னுடுச்சு. பட்டறை ஜன்னல்ல வெயில் இருந்துச்சு, எதிர் வீட்டு வாஷிங் மிஷின் ஓடுற சத்தம் கேட்டுச்சு.

"எத்தனை விரல்?"ன்னு கேட்டார்.

முப்பது வருஷமா இந்த மனுஷனைத் தெரியும். என்னை அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான். "ரெண்டு"ன்னேன்.

பேச்சுக்குரல் கேட்டு அக்கா வாசல்ல வந்து நின்னா. அவர் அவளைப் பார்த்தார். அவ அழுற முகத்தைப் பார்த்ததும், யார் யாருக்கு முன்னாடியே தெரியும்ங்கிறதும் அவருக்கு விளங்கிப் போச்சு. "வெள்ளையடிச்சது அப்பவா?"ன்னார். அக்கா தலையை ஆட்டினா.

இப்ப வரும் அந்த வாக்கியம், இப்ப வரும்னு நான் காத்திருந்தேன். வந்தா என்ன பதில் சொல்றதுன்னுகூட யோசிச்சு வச்சுட்டேன், நல்லாவே குடுத்திருப்பேன். அவர் வாயைத் திறந்தார். உதடு ரெண்டு தடவை அசைஞ்சுது. ஒண்ணும் வரல. கம்பிகளைத் தளர்த்தினார், ஒண்ணு ஒண்ணாக் கழட்டினார், மூணு நாள் செஞ்ச நட்டை எடுத்து மேசை ஓரமா வச்சார். டப்பாவைக் கவுத்துப் புது எலும்பு ஒண்ணைத் தேடி எடுத்தார். அதைக் கையில வச்சு உருட்டிப் பார்த்தார்.

"அளவு தெரியாது"ன்னார். எங்க ரெண்டு பேர்கிட்டயும் இல்ல, பொதுவா. "இந்தக் கையை நான் பார்த்ததில்ல."

அக்கா தன்னோட போன்ல நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரை அமுக்கி, மேசையில வச்சா. அத்தான் பென்சிலையும் ஒரு துண்டுச் சீட்டையும் எடுத்துக்கிட்டார். அந்தப் பக்கம், "சொல்லும்மா"ன்னு வாலு குரல் வந்துச்சு.

"அம்மா இல்ல. நான்."

கட் பண்ணிடுவாளோன்னு எனக்குப் பயமா இருந்துச்சு.

"நட்டு செய்றேன்"னார். "அளவு வேணும். கேட்டா சொல்லுவியா?"

"கேளுங்கப்பா."

"தடிக் கம்பியை எந்த விரலால அழுத்துற?"

"வலது கை மோதிர விரலால. கம்பி ரொம்ப உயரமா நிக்குதுப்பா. நுனி கன்னிப் போகுது."

எழுதினார். "சுண்டு விரல் எட்டுதா?"

"மூணாவது கம்பி வரைக்கும். வலது கைக்கு இன்னும் பழக்கம் வரல."

"இறக்கி வைக்கிறேன். அழுத்தி மீட்டுவியா, லேசா மீட்டுவியா?"

"லேசாத்தான். கட்டைவிரலும் அடுத்த ரெண்டும்தான் இருக்கு." அப்புறம், "அம்மா சொன்னாங்களா?"ன்னா.

"உன் கிட்டார் சொல்லுச்சு. நான்தான் அரைகுறையாக் கேட்டேன்." எழுதிக்கிட்டே சொன்னார். "லேசா மீட்டுறதுன்னா காடியை இன்னும் ஒரு இழுப்பு ஆழமா எடுக்கலாம். ஆனா அது இங்க உக்காந்து நீ வாசிச்சுப் பார்த்தாத்தான் முடியும். நீ வாசி, நான் தேய்க்கிறேன். நீ போதும்னு சொல்ற வரைக்கும். ஞாயித்துக்கிழமை வர முடியுமா?"

"வரேன்ப்பா."

"சரி."

அவ்வளவுதான், வச்சுடுவார்னு நினைச்சேன். அக்காவும் போனை எடுக்கக் கையை நீட்டினா. அவர் வேணாம்னு கையைக் காட்டினார். பென்சில் இன்னும் சீட்டு மேலேயே இருந்துச்சு. அளவு கேட்ட அதே குரல்ல கேட்டார்.

"வலிக்குதா?"

"குளிர்ல மட்டும்ப்பா"ன்னா அவ.

அதையும் அந்தச் சீட்டுல, அளவுகளுக்குக் கீழ எழுதிக்கிட்டார்.